டெபியனில் எந்தக் கிளையை நிறுவுவது?

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் மூன்று கிளைகள் உள்ளன: நிலையான வெளியீடான ஸ்டேபிள், அடுத்த வெளியீடாக உருவாகிவரும் டெஸ்டிங், புதிய தொகுப்புகள் (நிறுவத்தக்க வடிவிலுள்ள மென்பொருள்கள்) முதலில் வந்து சேரும் அன்ஸ்டேபிள் என்கிற சிட். எது புதியது என்பதைவிட, ஒருநாள் காலையில் கணினி கிளம்பாமல் நின்றால் அதைச் சரிசெய்ய நேரமும் பழக்கமும் உங்களுக்கு உண்டா என்பதைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

வேலைக்கோ படிப்புக்கோ ஒரே கணினியை நம்பியிருப்பவர் ஸ்டேபிளையே நிறுவுவது நல்லது. 2025 ஆகஸ்டில் வெளியான 13ஆம் பதிப்பான ட்ரிக்ஸிக்கு மூன்று ஆண்டுகள் முழு ஆதரவும், அதன்பின் இரண்டு ஆண்டுகள் நீண்டகால ஆதரவும் உண்டு. ஒன்றிரண்டு மென்பொருள்களோ, புதிய வன்பொருளுக்கான கெர்னலோ (இயங்குதளத்தின் மையப்பகுதி) மட்டும் தேவையென்றால் அவற்றை, புதிய பதிப்புகளை ஸ்டேபிளுக்கு ஏற்பத் தயாரித்து வைத்திருக்கும் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம்; அதற்காகக் கிளையை மாற்ற வேண்டியதில்லை. பலருக்கு இதுவே போதும்.

டெஸ்டிங்கை நடுவழி என்று பலர் நம்புகிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை. சிட்டுக்கு வரும் தொகுப்பு, பெரிய வழு எதுவும் தென்படாமல் சில நாள்கள் நின்ற பிறகே டெஸ்டிங்குக்கு நகரும் என்பதால், பாதுகாப்புத் திருத்தங்களும் அங்கே தாமதமாகவே வந்து சேரக்கூடும். அந்தக் காத்திருப்பு எல்லாவற்றையும் வடிகட்டிவிடுவதும் இல்லை. எக்ஸ்இசட் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒளித்து வைக்கப்பட்டிருந்த பின்கதவு (பிறர் ரகசியமாக நுழைய வழிவிடும் நிரல்) டெஸ்டிங் வரை வந்துவிட்டது. தொலைவிலுள்ள கணினியில் நுழையப் பயன்படும் எஸ்எஸ்ஹெச் வழியான உள்நுழைவு ஏறத்தாழ அரை விநாடி தாமதமாவதைக் கவனித்த மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட், காரணத்தைத் தோண்டிச்சென்று 2024 மார்ச் 29 அன்று அதை வெளிப்படுத்தினார். ஸ்டேபிள் பயனர்களை அது தொடவேயில்லை.

சிட், தொகுப்புகளை உருவாக்குபவர்களுக்கும் வழுக்களைக் கண்டறிந்து தெரிவிக்க விரும்புபவர்களுக்கும் உரியது. அங்கே ஒவ்வொரு மேம்படுத்தலிலும், தொகுப்புகளை நிறுவும் கருவியான ஏபிடி நீக்கப்போவதாகக் காட்டும் தொகுப்புகளின் பட்டியலை வரிவரியாகப் படித்த பிறகே சம்மதம் தர வேண்டும். 2038ஆம் ஆண்டின் நேரச் சிக்கலைத் (அந்த ஆண்டில் 32-பிட் நேரக் கணக்கு பிசகிவிடும்) தீர்ப்பதற்காக 2024இல் நூலகங்களின் பெயர்கள் மாற்றப்பட்டபோது, அந்தப் பட்டியல் அடிக்கடி நீண்டது. ஏபிடி லிஸ்ட்பக்ஸ் என்ற கருவியை நிறுவிக்கொண்டால், தீவிரமான வழுக்களைப் பற்றி முன்கூட்டியே எச்சரிக்கும். முதலில் மெய்நிகர் கணினியில் (உங்கள் கணினிக்குள் மென்பொருளாக இயங்கும் தனிக் கணினி) பழகிக்கொள்வது உத்தமம்.

தொகுப்புகளை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் களஞ்சியக் கோப்பில் டெஸ்டிங் என்று எழுதினால் எப்போதும் டெஸ்டிங்கிலேயே இருப்பீர்கள். ட்ரிக்ஸிக்கு அடுத்த வெளியீடான ஃபோர்க்கியின் பெயரைக் குறிப்பிட்டால், அது வெளியாகும் நாளில் நீங்களும் ஸ்டேபிளுக்கு வந்துவிடுவீர்கள். புதிய கிளைக்குத் தாவிய பின் பழையதற்குத் திரும்புவதை டெபியன் ஆதரிப்பதில்லை. மீண்டும் நிறுவத்தான் வேண்டியிருக்கும். ஆகவே தாவுவதற்கு முன் உங்கள் கோப்புகளை வேறொரு வட்டில் படியெடுத்து, அவை அங்கே திறக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள்.