லயன்ஸ் டிஸ்ட்ரிக்ட் கன்வென்ஷனுக்கு பேச்சாளர் கூப்பிடறது எப்படி

டிஸ்ட்ரிக்ட் கன்வென்ஷன்னா நம்ம பகுதி லயன்ஸ் சேவைச் சங்கங்க எல்லாம் ஒண்ணா கூடற மாநாடு. அதோட ஸ்பீக்கர் கமிட்டில உங்க பேரைப் போட்டாச்சுன்னா மொத மீட்டிங்லயே எல்லாரும் "யாரைக் கூப்பிடலாம், யாரைக் கூப்பிடலாம்"னுதான் ஆரம்பிப்பாங்க. நாலு வருஷமா இந்த வேலை பாக்கறேன், அந்தக் கேள்விக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கோங்க: பேச்சாளர் பேசி முடிச்சு உக்காந்ததும் நம்ம மெம்பருங்க என்ன செய்யணும்? அதை ஒரே வரில ஒரு பேப்பர்ல எழுதுங்க. எழுத வரலைன்னா இன்னும் ஆளைத் தேட வேண்டாம்.

ஏன் இதைச் சொல்றேன்னா நம்ம சங்கத்துலயே நடந்ததுதான். லயன்ஸ் ஆரம்பிச்சது 1917ல, அப்புறம் எட்டு வருஷம் கழிச்சு 1925 ஜூன் 30ஆம் தேதி அமெரிக்காவுல ஒஹையோ மாநிலத்துல சீடார் பாயிண்ட்ல நடந்த கன்வென்ஷன்ல ஹெலன் கெல்லர் பேசினாங்க. கண்ணும் தெரியாது காதும் கேக்காது, 45 வயசு அவங்களுக்கு. பார்வையில்லாதவங்களுக்காகப் போராடற வீரர்களா நீங்க எல்லாரும் வரணும்னு நேராவே கேட்டாங்க. ஒரே ஒரு கோரிக்கை. இன்னிக்கு நம்ம ஊர் ஸ்கூல் வராண்டால பெஞ்சு போட்டு கண் முகாம் நடத்தறோமே, பார்வை இழப்பைத் தடுக்கறதுக்கு 1990ல லயன்ஸோட சைட்ஃபர்ஸ்ட் திட்டம் வந்துச்சே, எல்லாத்துக்கும் வேர் அந்தப் பேச்சுதான். நூறு வருஷம் நிக்கிற பேச்சு அது, நினைச்சாலே எனக்கு மெய் சிலிர்க்கும்.

சரி, மோட்டிவேஷன் பேச்சாளர். நம்ம பக்கம் இவங்கள்ல நிறைய பேர் பட்டிமன்ற மேடைல இருந்து வந்தவங்க, கூட்டத்தைக் கட்டிப்போடறதுல கில்லாடிங்க. ஆனா ரீல்ஸ்ல வர்ற ஒரு நிமிஷத்தைப் பாத்து முடிவு பண்ணாதீங்க, ஒரு முழுப் பேச்சை மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் கேளுங்க, முடிஞ்சா பக்கத்து ஊர் நிகழ்ச்சிக்கே போய் பின்வரிசைல உக்காந்து கேளுங்க, பின்வரிசைதான் சரியான இடம், அங்க ஆளுங்க போனை எடுக்கறாங்களா இல்லையான்னு தெரிஞ்சுரும். கூப்பிட்டதும் அவருக்கு ஒரு பக்கத்துல குறிப்பு அனுப்பணும். உக்காந்திருக்கறது யாரு (ஜவுளிக்கடைக்காரர், டாக்டர், ரிட்டயர்டான ஹெச்எம், கூட வர்ற வீட்டம்மா, புள்ளைங்க), இந்த வருஷம் கிளப்புங்க என்ன பண்ணுச்சு, எதுல சிரமப்படறாங்க, நீங்க எழுதி வச்ச அந்த ஒரு வரி. கட்சி அரசியலும் மதச் சண்டையும் நம்ம மேடைல கிடையாதுங்கறதையும் அதுலயே மரியாதையா எழுதிருங்க, சங்கத்தோட விதியே அதுதான்.

தொழில்துறை பேச்சாளர்னா எல்லாரும் பெரிய கம்பெனி எம்டியைத்தான் நினைப்பாங்க. நான் கையில வேலை தெரிஞ்சவரைத்தான் தேடுவேன். ஒரு வருஷம் திருப்பூர்ல சாயப்பட்டறை வச்சிருக்கற ஒருத்தரைக் கூப்பிட்டோம். 2011 ஜனவரில சாயப்பட்டறைங்களை மூடச்சொல்லி ஹைகோர்ட் உத்தரவு வந்துச்சு இல்லையா, அதுல மாட்டி மறுபடி எழுந்து வந்தவர். மேடை ஏறும்போதே ரெண்டு பாட்டில் கொண்டு வந்தார். ஒண்ணுல கருநீலமா சாயத்தண்ணி, இன்னொண்ணுல சுத்திகரிச்ச தண்ணி. ரெண்டையும் முன்வரிசைல குடுத்து அப்படியே பின்னாடி வரைக்கும் கை மாத்தச் சொல்லிட்டுத்தான் பேசவே ஆரம்பிச்சார். ஆர்ஓ மிஷின், மிச்சம் நிக்கிற உப்புத்தண்ணிய திரும்ப சாயம் போடவே எடுத்துக்கறது, அதுக்கு ஆகற கரண்டு செலவு, கூலிக்காரங்களுக்கு வேலை இல்லாத மாசங்கள், எல்லாம் கணக்கோட சொன்னார். கூட்டத்துல ஒரு ஆளு எந்திரிச்சுப் போகல. இவங்களுக்கு மேடைப் பழக்கம் இருக்காது, அதனால ஒரு வாரம் முன்னாடி நேர்ல போய் அரை மணி நேரம் பேசவிட்டுக் கேளுங்க, எந்த இடத்துல அவர் குரல் மாறுதோ அங்கிருந்தே ஆரம்பிக்கச் சொல்லுங்க.

நேரம்தான் பெரிய விஷயம். தொழில் பேச்சு காலைல, தலை தெளிவா இருக்கும்போது. மதியச் சாப்பாடு முடிஞ்ச உடனே மோட்டிவேஷன் பேச்சாளர், அந்தத் தூக்கத்தை அவராலதான் கலைக்க முடியும். அவார்டு குடுக்கற நிகழ்ச்சிக்கு அப்புறம் யாரையும் வைக்காதீங்க, ஷீல்டு வாங்கினவங்க குடும்பத்தோட வண்டி ஏறிருவாங்க, வெறும் நாற்காலிங்களைப் பாத்து ஒரு நல்ல மனுஷனைப் பேசவிடறது பாவம். ஆளுக்கு 25 நிமிஷம், கேள்விக்கு பத்து. முன்வரிசைல ஒருத்தர் அட்டையோட உக்காந்து இன்னும் 5 நிமிஷம், 2 நிமிஷம்னு காட்டணும், இதை அவர்கிட்டயும் முன்னாடியே சொல்லிருங்க.

அறிமுகம் நாலு வரி, அவ்வளவுதான். ஒரு தடவை ரெண்டு பக்க பயோடேட்டாவை வரி விடாம படிச்சு, அப்புறம் பொன்னாடை, மெமென்டோ, போட்டோன்னு போய் கடைசில அவருக்கு மிச்சம் இருந்தது 12 நிமிஷம். இருநூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டிட்டு வந்தவர். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகல. மரியாதை எல்லாம் பேசி முடிச்சப்புறம் செய்யுங்க.

பிபிடி இருந்தா மொத நாள் ராத்திரியே வாங்கி மண்டபத்து லேப்டாப்ல போட்டுப் பாக்கணும். பழைய தமிழ் ஃபான்ட்ல அடிச்சிருந்தா அங்க புரியாத எழுத்தாத்தான் தெரியும், பிடிஎஃப்பா மாத்தி வாங்கிட்டா தொல்லை இல்லை. கல்யாண மண்டபத்துல எதிரொலி ஜாஸ்தி, மைக்கை ஆள் உக்காந்திருக்கும்போது ஒருக்கா டெஸ்ட் பண்ணுங்க. சன்மானம், கார், ரூம், டிடிஎஸ் (வரிப் பிடித்தம்) எல்லாம் கூப்பிடும்போதே பேசி வாட்ஸ்அப்ல எழுத்துல வச்சுக்கோங்க, அன்னிக்கே கவர்ல குடுத்துருங்க.

அந்த ஒரு வரி கோரிக்கை இருக்கே, அதுக்கு ஒரு காகிதம் தயாரா இருக்கணும். கண் தானம் பத்தி ஒரு டாக்டரம்மா பேசினப்போ நாற்காலிக்கு ஒண்ணா ஃபாரம் வச்சோம், பேனாவோட. இறந்து ஆறு மணி நேரத்துக்குள்ள எடுக்கணும், ஃபேனை ஆஃப் பண்ணிட்டு இமையை மூடி ஈரப்பஞ்சு வைங்க, தலையணை வச்சு தலையைக் கொஞ்சம் உயர்த்துங்க, கண் வங்கிக்கு போன் பண்ணுங்கன்னு அவ்வளவு எளிமையா சொன்னாங்க. ரெண்டு மாசம் கழிச்சு ஒரு மெம்பரோட அம்மா தவறிட்டாங்க. நாங்க போய்ச் சேர்றப்போ ஃபேன் நின்னிருந்துச்சு, கண்ணு மேல ஈரப்பஞ்சு இருந்துச்சு, கண் வங்கிக்கு அந்த மெம்பரே போன் பண்ணியிருந்தார்.

அன்னிக்கு சாயங்காலமே அந்த டாக்டரம்மாவுக்கு போன் பண்ணி சொன்னேன், ரொம்ப நேரம் அவங்க பேசல. நீங்களும் மூணு மாசம் கழிச்சு உங்க பேச்சாளருக்கு ஒரு போன் போடுங்க, அவர் பேச்சுனால என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க.