மஞ்சளான மிளகாய்ச் செடிக்குப் புண்ணாக்குக் கரைசல்

தருமபுரியில் எங்கள் மாடியில் வைத்த மிளகாய்ச் செடிகளில் அடியிலைகள் ஒவ்வொன்றாய் மஞ்சளாகி உதிர்ந்தன. மேல் இலை பச்சையாகவே இருந்தது. சரி, தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவுதான் என்று செக்கில் கடலைப் புண்ணாக்கு வாங்கி, 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் 3 நாள் ஊறவைத்தேன். தினமும் குச்சியால் கலக்கிவிட வேண்டும். நாற்றம் குடலைப் புரட்டும்.

முதல் முறை அவசரத்தில் கெட்டியாகவே ஊற்றிவிட்டேன். இலை நுனி கருகி, தொட்டியெல்லாம் எறும்பு. மனசே கஷ்டமாகிவிட்டது. அப்புறம் தெளிவை மட்டும் வடிகட்டி, பத்து மடங்கு தண்ணீர் கலந்து, ஈர மண்ணில் தொட்டிக்கு ஒரு டம்ளர், 10 நாளுக்கு ஒருமுறை விட்டேன். மூன்றாம் முறை ஊற்றியபோது கணுவுக்குக் கணு துளிர் நின்றது. பூ வந்ததும் கரைசலைக் குறைத்து, சாம்பல் சத்துக்கு (பொட்டாசியம்) விறகடுப்புச் சாம்பல் ஒரு ஸ்பூன் தூவினேன். சக்கை முருங்கை மரத்தடிக்குப் போகிறது.