மாதிரிப் பாய்மரக் கப்பலுக்குக் கயிறு கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மரத்தால் மாதிரிப் பாய்மரக் கப்பல் செய்யத் தொடங்குவோரில் பெரும்பாலோர், சட்டம் நிறுத்திப் பலகை பதித்து இழைக்கும் வேலையைப் பொறுமையாகவே முடித்துவிடுகிறார்கள். கயிறு கட்டும் கட்டத்தில்தான் கப்பல் கெடுகிறது. புதியவர்கள் செய்த கப்பல்களைப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு அடிக்கடி கிடைக்கிறது. ஒரு காலத்தில் நான் செய்து தொலைத்த பிழைகளே ஆள் மாறி, ஊர் மாறி, அப்படியே திரும்ப வருகின்றன. நூல் சிக்கிக்கொள்வது, முடிச்சு நழுவுவது, கத்தரிக்கோல் மழுங்கியிருப்பது போன்றவை கை பழகப் பழகத் தாமே சரியாகிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

விளக்கத்துக்குப் பீகிள் கப்பலை எடுத்துக்கொள்கிறேன். தொடக்கக்காரர்கள் விரும்பிச் செய்யும் கப்பல்களில் அதுவும் ஒன்று. 1820இல் வுல்விச்சில் நீரில் இறக்கப்பட்டபோது அதற்கு இரண்டு பாய்மரங்களே இருந்தன. அளவாய்வுப் பயணங்களுக்காகப் பின்னர் மூன்றாவது பாய்மரம் சேர்க்கப்பட்டது. 1831 முதல் 1836 வரை டார்வின் உலகைச் சுற்றியது அந்த மூன்று பாய்மர வடிவத்தில்தான். அதன் உடல் நீளம் ஏறத்தாழ 90 அடி. 1:60 அளவில் செய்தால் 46 செ.மீ. வரும். அந்தச் சிறிய தளத்துக்கு மேலே நூற்றுக்கும் மேற்பட்ட கயிறுகள் ஒன்றையொன்று கடந்து செல்ல வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், கீழே சொல்லப்போகும் தவறுகள் ஏன் இவ்வளவு எளிதில் நேர்கின்றன என்பது விளங்கும்.

சுற்றளவை விட்டம் என்று எண்ணுதல்

மாதிரிக் கப்பலுக்கான பொருள்கள் அடங்கிய பெட்டியோடு வரும் நூல் இரண்டு அல்லது மூன்று தடிமன்களில்தான் இருக்கும். உண்மைக் கப்பலில் ஒவ்வொரு வேலைக்கும் வெவ்வேறு பருமனுள்ள கயிறு இருந்ததை அறிந்த ஆர்வலர்கள், வேறு நூல் வாங்கிக் கட்ட முனைகிறார்கள். 1794இல் டேவிட் ஸ்டீல் லண்டனில் வெளியிட்ட அட்டவணைகளைப் போன்ற பழைய ஆவணங்களையும் தேடிப் படிக்கிறார்கள். முயற்சி பாராட்டத்தக்கதுதான். ஆனால் அந்த அட்டவணைகளில் உள்ள அங்குலக் கணக்கு கயிற்றின் சுற்றளவைக் குறிக்கிறது, விட்டத்தை அல்ல. 6 அங்குலக் கயிறு என்று எழுதியிருந்தால் அதன் விட்டம் 1.9 அங்குலம், அதாவது ஏறத்தாழ 48 மி.மீ.; 1:60 அளவில் 0.8 மி.மீ. நூல் போதும். 6 அங்குலத்தையே விட்டமாகக் கொண்டால் 2.5 மி.மீ. வருகிறது. அந்தத் தடிமனில் கயிறு கட்டிய கப்பல் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். பாய்மரத்தைவிடக் கயிறுதான் கண்ணில் பட்டது. இரண்டு தடிமன்களுக்கு இடையே ஐயம் வந்தால் மெல்லியதையே தேர்ந்தெடுங்கள்.

கப்பி கட்டாமல் பாய்மரத்தை நிறுத்துதல்

பாய்மரம் நின்றுவிட்டால் கப்பலுக்கு ஒரு களை வந்துவிடுகிறது என்பதால், அதைச் சீக்கிரம் நிறுத்திப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் உண்டு. பருமலையும் (பாயைத் தாங்கும் குறுக்குக் கழி) அதே அவசரத்தில் ஏற்றிவிடுகிறார்கள். பருமலின் முனையைத் தாங்கும் கயிற்றுக்கும், பருமலைத் திருப்பும் கயிற்றுக்கும், பாயின் கீழ்மூலையை மேலே இழுக்கும் கயிற்றுக்கும் கப்பிகள் வேண்டும் என்பது அதன் பிறகுதான் நினைவுக்கு வருகிறது. 3 மி.மீ. நீளமுள்ள ஒரு கப்பியை மேசைமேல் கிடக்கும் கழியில் கட்டுவது எளிய வேலை. அதையே நின்றுகொண்டிருக்கும் கப்பலில், நாலாபுறமும் கயிறு சூழ்ந்த இடத்தில், இடுக்கியை நுழைத்துக் கட்டுவது வேறு வேலை. அப்படிக் கட்டும்போது முழங்கை பட்டு அறுந்த கயிறுகளின் கணக்கை யாரும் சொல்வதில்லை.

பாய்மரத் தலையில் கயிறுகள் ஏறும் வரிசையும் இதோடு சேர்ந்தது. பக்கவாட்டில் இறங்கும் ஷ்ரவுட் கயிறுகள் இணை இணையாக முதலில் ஏற வேண்டும். வலப்பக்க முன் இணை, பின்னர் இடப்பக்க முன் இணை என்று மாறி மாறி. முன்னோக்கிச் செல்லும் ஸ்டே கயிற்றின் கண்ணி அவற்றுக்கு மேலே உட்காரும். ஸ்டேயை முதலில் கட்டிவிட்டவர்கள் ஷ்ரவுடை அதன் அடியில் திணிக்கப் பார்த்து, முடியாமல், எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதாகிறது.

ஒவ்வொரு கயிற்றையும் இறுக்கிக் கட்டி, உடனே பசையிட்டு, வாலை வெட்டுதல்

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என்னை எரிச்சலூட்டுவது இந்த ஒரு தவறுதான். இதற்குப் புதியவர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது; பெட்டியோடு வரும் கையேடுகள் பலவும் ஒரு படத்துக்கு ஒரு கயிறு என்று காட்டி, "கட்டுக, பசை இடுக, மிச்சத்தை வெட்டுக" என்றே சொல்லிக்கொண்டு போகின்றன. அந்த மூன்று சொற்களை நம்பிக் கெட்ட கப்பல்கள் ஏராளம்.

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர் தாம் செய்த பீகிளைக் கொண்டுவந்து காட்டினார். உடல் வேலை மிக நேர்த்தி. பலகைகளின் இணைப்பில் ஒரு மயிரிழை இடைவெளி இல்லை. ஆனால் பக்கவாட்டில் நின்று பார்த்தபோது, அணியத்திலிருந்து (கப்பலின் முன்முனை) முன்னே நீளும் கழியான போஸ்பிரிட்டின் நுனிக்கழி மேல்நோக்கி வளைந்திருந்தது. முன் பாய்மரத்தின் உச்சிப் பகுதி முன்னால் சாய்ந்திருந்தது. நடுப் பாய்மரம் தன் பங்குக்கு வேறொரு கோணத்தில் நின்றது. "கயிறு தொய்ஞ்சிருந்தா அசிங்கமா இருக்குமேன்னு ஒவ்வொண்ணையும் நல்லா இழுத்துத்தான் சார் கட்டினேன்" என்றார். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. ஒவ்வொன்றையும் நன்றாகத்தான் இழுத்திருந்தார். அப்படியும் பாதிக் கயிறுகள் தொய்ந்தே கிடந்தன.

காரணம் எளியது. பாய்மரக் கப்பலில் எந்தக் கயிறும் தனித்து நிற்பதில்லை. நடுப் பாய்மரத்தின் மேற்பகுதியிலிருந்து வரும் ஸ்டே முன் பாய்மரத்தில் வந்து கட்டப்படுகிறது. அதை இறுக்கினால் நடுப் பாய்மரம் முன்னே வருவதோடு, முன் பாய்மரம் பின்னே இழுபடுகிறது. பின் பாய்மரத்தின் ஸ்டேயை இறுக்கினால் அதே தொல்லை நடுப் பாய்மரத்துக்கு. முன் பாய்மரத்தின் மேல் ஸ்டேக்களை இறுக்கினால் போஸ்பிரிட் மேலே தூக்கப்படுகிறது. போஸ்பிரிட் தூக்கினால் அதில் ஏற்கெனவே கட்டியிருந்த கீழ் ஸ்டே தொய்கிறது. தொய்ந்ததைப் பார்த்தவர் அதைப் பிரித்து மீண்டும் இறுக்குகிறார். அப்போது மேல் ஸ்டே தொய்கிறது. இந்த அலுவலர் அதையும் பிரிக்க முடியாதபடி சூப்பர் குளூ இட்டு, வாலை முடிச்சோடு ஒட்ட வெட்டியிருந்தார். ஒரே ஒரு கயிற்றைத் தளர்த்துவதற்காக முன்பகுதி முழுவதையும் அறுக்க வேண்டியதாயிற்று. அவர் ஒரு மழைக்காலம் முழுக்கச் செய்த வேலை அது.

உண்மைக் கப்பலில் மாலுமிகள் இப்படிச் செய்யவில்லை; மாதிரி செய்பவர்கள் இப்படிச் செய்வதுதான் எனக்கு வியப்பு. ஷ்ரவுடின் கீழ்முனையில் மூன்று துளையுள்ள வட்ட மரத்துண்டு (டெட்-ஐ) ஒன்றும், கப்பலின் பக்கத்தில் இன்னொன்றும் வைத்து, இரண்டுக்கும் இடையே லேன்யார்டு என்ற மெல்லிய கயிற்றைக் கோத்து வைத்ததே, வேண்டும்போது இறுக்கவும் தளர்த்தவும்தான். புதிய சணற்கயிறு நீளும் என்பதால், கடலில் இறங்கிய பின் திரும்பத் திரும்ப இறுக்குவது அவர்களுடைய வழக்கமான வேலை. திருத்திக்கொள்வதற்கென்றே அமைந்த ஓர் உறுப்பை அளவு பிசகாமல் செய்து பொருத்திவிட்டு, அதன்மேல் பசையை ஊற்றி முடக்குவதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

செய்ய வேண்டிய முறை இதுதான். முதலில், எதிர்ப்பக்கம் இழுக்கும் கயிறு இல்லாமல் எந்தக் கயிற்றையும் இறுக்காதீர்கள். போஸ்பிரிட்டை அணியத்தோடு பிணைக்கும் சுற்றுக்கட்டும், அதைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்கும் பாப்ஸ்டேயும் முடிந்த பிறகே முன் ஸ்டேக்களைத் தொட வேண்டும். ஷ்ரவுடுகளை வலம், இடம் என மாற்றி மாற்றிக் கட்டி, இரண்டு டெட்-ஐகளுக்கு இடையிலான தூரம் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கும்படி, இரு முனையும் மடித்த ஒரு கம்பித் துண்டை அளவுக்கு வைத்துக்கொள்ளலாம். பாய்மரங்களின் சாய்வை வரைபடத்திலிருந்து அட்டையில் வெட்டிவைத்து, ஒவ்வொரு கயிறு கட்டிய பின்னும் அதைப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பது நல்லது.

அடுத்து, எவ்வளவு இறுக்குவது என்ற கேள்வி. பாய்மரத்தின் உச்சிக்குப் பின்னால் கதவு நிலையின் விளிம்போ சன்னல் கம்பியோ தெரியும்படி கப்பலை வையுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு உச்சியை அந்தக் கோட்டோடு பொருத்தி, நூலை மெல்ல இழுங்கள். தொய்வு போன பிறகும் உச்சி அசையாமல் இருக்கும் ஒரு நிலை வரும். அதற்கு மேல் ஓர் இழுப்பு இழுத்தால் உச்சி கோட்டைவிட்டு நகரும். நகர்வதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். நூல் நேராகத் தெரிந்தால் போதும், தட்டினால் ஒலி எழ வேண்டிய தேவையில்லை.

மூன்றாவதாக, உருவு முடிச்சு மட்டும் போட்டு, விரல் நீளத்துக்கு வாலை விட்டு, ஒரு சிறு கவ்வியைத் தொங்கவிட்டு அப்படியே வைத்திருங்கள். மூன்று பாய்மரங்களிலும் ஸ்டே, ஷ்ரவுட், பின்னிழுக்கும் பேக்ஸ்டே எல்லாம் ஏறி, ஒரு நாள் கழித்துப் பார்த்தும் சாய்வு மாறவில்லை என்றால் மட்டுமே முடிச்சை இறுக்கி, தண்ணீர் கலந்த வெள்ளை மரப்பசையை நுனித்தூரிகையால் ஒரு துளி வையுங்கள். காய்ந்த வெள்ளைப் பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தடவி இளக்க முடியும். சூப்பர் குளூ இட்ட நூலோ விறைத்து, கருத்து, பின்னொரு நாள் முடிச்சின் ஓரத்தில் ஒடியும். சுற்றிலும் வெண்மையாகப் பூத்தும்விடும்.

கடலோர ஊர்களில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முறுக்கிய பருத்தி நூலும் லினன் நூலும் ஈரக்காற்றில் பருத்து, நீளத்தில் சுருங்கும்; மழையில் நனைந்தால் சணற்கயிறுகள் விறைத்துக்கொள்ளும் என்பது பழைய மாலுமிகள் நன்கு அறிந்த செய்தி. சித்திரையில் குளிரூட்டிய அறையில் உலர்ந்த நூலை இறுக்கிக் கட்டிய கப்பல், ஐப்பசி அடைமழையில் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ தன் மெல்லிய உச்சிக்கழியைத் தானே வளைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் நூலுக்கு இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. நைலான் ஈரத்தில் நீளும். அதை வாங்கவே வேண்டாம்.

ரேட்லைன் படிகளை இழுத்துக் கட்டுதல்

ஷ்ரவுடுகளுக்குக் குறுக்கே, மாலுமிகள் ஏறுவதற்காகக் கட்டிய படிக்கயிறுகளே ரேட்லைன்கள். அவற்றின் இடைவெளி உண்மையில் 13 முதல் 15 அங்குலம்; 1:60இல் 5.5 முதல் 6.4 மி.மீ. வரை. ஒரு செ.மீ. விட்டுக் கட்டினால் ஏறுகிறவன் ஏழடி மனிதனாக இருந்திருக்க வேண்டும். அதைவிடப் பெரிய பிழை, ஒவ்வொரு படியையும் சற்றே இழுத்துக் கட்டுவது. ஒரு படியில் அரை மி.மீ. இழுப்பு கண்ணுக்குத் தெரியாது. முப்பதாவது படிக்கு வரும்போது ஓரத்து ஷ்ரவுடுகள் இரண்டும் உள்ளே வளைந்து, முழுத் தொகுதியும் உடுக்கையைப் போல இடை சிறுத்து நிற்கும். கோடு போட்ட அட்டையை ஷ்ரவுடுகளுக்குப் பின்னால் வைத்து, ஓரத்து ஷ்ரவுடுக்கு இணையாக ஒரு மெல்லிய குச்சியைத் தற்காலிகமாகக் கட்டிவைத்துக்கொண்டால் வளைவு உடனே தெரிந்துவிடும். படிகள் இரண்டு ஷ்ரவுடுகளுக்கு இடையே மிகச் சிறிது தொய்ந்திருப்பதே இயல்பு.

எல்லாக் கயிற்றுக்கும் ஒரே கறுப்பு நூல்

பாய்மரத்தைத் தாங்கி நிற்கும், தார் பூசிய நிலைக்கயிறுகளுக்கு அடர்பழுப்பு, கையால் இழுக்கும் ஓடுகயிறுகளுக்கு வெளிர்பழுப்பு. வேறு பேச்சில்லை.

வெளியிலிருந்து உள்ளே வருதல்

ஓடுகயிறுகளைக் கட்டும் பிலேயிங் பின்கள் பாய்மரத்தின் அடியிலும் தளத்தின் இரு ஓரங்களிலும் வரிசையாக இருக்கும். கைக்கு எட்டுகிற ஓரத்துப் பின்களை முதலில் முடித்துவிட்டு, பிறகு பாய்மர அடியை நோக்கிப் போகிறவர்கள், தாங்கள் கட்டிய வேலிக்குள் தாங்களே கையை விட முடியாமல் தவிக்கிறார்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கும், கீழிருந்து மேலுக்கும் வாருங்கள். எந்தக் கயிறு எந்தப் பின்னில் என்பதைக் காகிதத்தில் வரைந்து எண்ணிட்டு, முடித்ததை அடித்துக்கொண்டே போக வேண்டும். மனத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவருக்குக் கடைசியில் இரண்டு கயிறு மிஞ்சும், ஒரு பின்கூட மிஞ்சாது. பருமலைத் திருப்பும் கயிறுகளைக் கடைசிக்கு விடுங்கள். அவைதான் கப்பலின் குறுக்கே கையை மறிப்பவை.

கண்ணி ஆணியைத் தளத்தில் வெறுமனே செருகுதல்

கயிறு கட்டுவதற்குத் தலையில் வளையமுள்ள இந்த ஆணி, இழுக்கும் நாளில் பிடுங்கிக்கொண்டு வரும். தண்டைச் சொரசொரப்பாக்கி எப்பாக்சி வைத்துப் பதியுங்கள்.

தேன்மெழுகு

நூலின் பிசிறு படிய ஒரு முறை தேய்த்தால் போதும். பிசுபிசுக்கும் அளவுக்குத் தேய்த்தால் வீட்டுத் தூசி முழுவதும் அதில்தான் சேரும்.

கொடி

சதுரப் பாய்கள் முன்னோக்கிப் புடைத்திருக்கும் கப்பலுக்குக் காற்று பின்னாலிருந்து வருகிறது. ஆகவே கொடியும் அணியத்தை நோக்கியே பறக்க வேண்டும். மகிழுந்தில் கட்டிய கட்சிக் கொடியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது தவறாகத் தோன்றும் என்பதால், காட்சிக்கு வைத்த பிறகு யாராவது வந்து கொடியைத் திருப்பிவிடுகிறார்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.