கொடைக்கானல் ஏரிப் பயணத்தில் பூச்சியுண்ணும் செடி தேடுவது எப்படி

மே மாதச் சீசனில் போனால் அழுகண்ணி என்னும் பூச்சியுண்ணும் செடி கண்ணில் படாது. கோடையில் தண்டு காய்ந்து, கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கும். மழை இறங்கியபின், ஆகஸ்ட் முதல் நவம்பருக்குள் போங்கள். கொடைக்கானலை அடுத்த காட்டுக்குள் உள்ள பேரிஜம் ஏரிக்குச் செல்ல வனத்துறை அனுமதி வேண்டும்.

மர நிழலில் தேட வேண்டாம். வெயில் படும், நீர் கசியும், புல் குட்டையான சரிவும் சாலையோரம் வெட்டிய மண்சரிவும்தான் இடம். சத்தில்லாத மண் என்பதால்தான் செடி பூச்சியைப் பிடிக்கிறது. எருவேறிய தோட்டத்தருகே இருக்காது.

காலையில் சூரியனை நோக்கி முழங்காலிட்டுப் பாருங்கள். சாண் உயரத் தண்டில் பிறை போன்ற சிற்றிலைகள், ஓரமெல்லாம் சிவந்த மயிர், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு துளி. பனித்துளி என்று ஏமாறுவது சகஜம். புல் நுனியால் தொடுங்கள்: பனி உதிரும், இது நூலாக இழுபடும். குழந்தைகள் விரலால் தொட்டால் பசை போய்விடும், பத்து மடங்கு லென்ஸ் கொடுங்கள்.

தேங்கிய நீரில் மஞ்சள் பூ நின்றால் அது சிறு பைகளால் இரை பிடிக்கும் நீர்ப்பைச் செடியாக இருக்கலாம். வெள்ளைக் கிண்ணத்தில் நீரோடு ஒரு கிளையை ஏந்திப் பாருங்கள். கசகசா அளவுப் பைகள், சிலவற்றுக்குள் கறுப்பாக இரை. பார்த்ததும் அதே இடத்தில் விட்டுவிடுங்கள்.

அட்டைக்கு உப்பு எடுத்துப் போங்கள். செடியைப் பிடுங்காதீர்கள், வீட்டுத் தொட்டியில் குழாய்த் தண்ணீரின் உப்பே அதைக் கொன்றுவிடும்.