மண்ணில் கலந்த உலோகத்தைச் செடி எடுக்குமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோல் ஆலைக் கழிவுநீர் பாய்ந்த வயல், பழைய பேட்டரி உருக்கிய காலிமனை, சாம்பல் கொட்டிய மேடு. இப்படிப்பட்ட நிலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், "சூரியகாந்தி போடுங்க, எல்லாத்தையும் உறிஞ்சிடும்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். செடிகள் உலோகத்தை எடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஈயம், காட்மியம், குரோமியம், ஆர்செனிக் எல்லாம் தனிமங்கள். எண்ணெய்க் கழிவை நுண்ணுயிர்கள் மெல்ல மெல்லச் சிதைத்துவிடும். இந்தத் தனிமங்களை எதுவும் சிதைக்காது. மண்ணில் இல்லையென்றால் வேரில் இருக்கும், இலையில் இருக்கும், அந்த இலையைத் தின்ற ஆட்டின் உடம்பில் இருக்கும். பல தவறுகள் இதை மறப்பதிலிருந்துதான் தொடங்குகின்றன.

சூரியகாந்தியையே எடுத்துக்கொள்வோம். 2011 புகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு, மண்ணில் படிந்த கதிரியக்க சீசியத்தை எடுக்கும் என்று நம்பி ஜப்பானில் அதை விதைத்தார்கள். அந்நாட்டு வேளாண் அமைச்சகம் சோதித்தபோது, செடி எடுத்தது மண்ணில் இருந்ததில் சுமார் 2000இல் ஒரு பங்குதான். மேல்மண்ணை 4 செ.மீ. அளவுக்குச் சுரண்டி எடுத்த இடத்திலோ முக்கால் பங்கு குறைந்தது. அதற்கு முன்பு அணு உலை வெடித்த செர்னோபில் அருகே சூரியகாந்தி பயன்பட்டதே என்று கேட்கலாம். அங்கே அதன் வேர்கள் குளத்து நீரில் மிதந்தன. நீரில் கரைந்திருப்பதை வேர் எளிதாக எடுக்கும். களிமண் இறுகப் பிடித்து வைத்திருப்பதை எடுக்காது.

அடுத்தது, எந்த உலோகம் என்றே தெரியாமல் நடுவது. மண்வள அட்டை கையில் இருப்பதால் மண்ணைச் சோதித்தாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அதில் இருக்கும் 12 அளவீடுகள் கார அமிலத் தன்மை, தழை, மணி, சாம்பல் சத்துகள், துத்தநாகம், தாமிரம் போன்ற நுண்ணூட்டங்கள் பற்றியவை. ஈயம், காட்மியம், குரோமியம், ஆர்செனிக் அதில் கிடையாது. அவற்றுக்குத் தனியாகப் பணம் கட்டி ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். மேல்மண்ணை மட்டும் கொடுக்காமல் இரண்டு மூன்று ஆழங்களில் மாதிரி எடுத்துக் கொடுங்கள். மாசு ஆறடி ஆழத்தில் இருந்தால் உலோகத்தை எடுக்க நடும் கடுகு ஓரடிதான் வேர் விடும்; அதனால் ஒன்றும் ஆகாது.

உலோகம் தெரிந்த பிறகுதான் செடியைத் தேட வேண்டும். ஆர்செனிக்கை அள்ளி எடுக்கும் பெரணி ஒன்று உண்டு; நம் ஊர்ப் பழைய சுண்ணாம்புச் சுவர்களிலும் முளைக்கும் வகை. அதன் திறமையை 2001இல் ஃப்ளோரிடா ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பசிபிக் கடலில் உள்ள நியூ கலிடோனியாத் தீவில் ஒரு மரத்தின் பால், நிக்கல் நிறைந்து நீலப்பச்சையாகவே வடிகிறது. ஆனால் அந்தப் பெரணி ஈயத்துக்கு உதவாது, அந்த மரம் காட்மியத்துக்கு உதவாது. குரோமியமோ பெரும்பாலும் வேரோடு நின்றுவிடும். ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை விட்டுச்சென்ற கழிவு லட்சம் டன்னுக்கும் மேல். அதிலிருந்து கரைந்து நிலத்தடி நீரில் இறங்கும் குரோமியம்-6 மிகக் கொடிய வடிவம். அந்தக் குவியலைச் செடியால் தீர்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இனி, பலரும் போட்டுப் பார்க்காத கணக்கு. ஒரு ஏக்கரில் 20 செ.மீ. ஆழ மண் ஏறக்குறைய 1,050 டன் எடை. அதில் ஈயத்தைக் கிலோவுக்கு 100 மில்லிகிராம் குறைக்க வேண்டுமானால், வெளியே எடுக்க வேண்டிய ஈயம் 105 கிலோ. செடி ஏக்கருக்கு 4 டன் உலர் எடை தருகிறது, அதன் ஒவ்வொரு கிலோவிலும் 100 மில்லிகிராம் ஈயம் ஏறுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒரு அறுவடைக்கு 400 கிராம். ஆண்டுக்கு ஒரு அறுவடை என்றால் 260 ஆண்டுகளுக்கு மேல்! காட்மியத்தின் கதை வேறு. அங்கே குறைக்க வேண்டியது கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்றால், ஏக்கருக்கு எடுக்க வேண்டியது 2 கிலோ சொச்சம்தான். உலோகத்தை நன்றாகச் சேர்க்கும் செடி கிடைத்தால் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் எட்டலாம். தொட்டியில் கிடைத்த விளைச்சலை ஏக்கருக்குப் பெருக்கிக் காட்டும் விளம்பரங்களை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நாள் அதிகம் ஆகிறதே என்று மண்ணில் இ.டி.டி.ஏ. போன்ற வேதிப்பொருளை ஊற்றுவது, என் பார்வையில், இருப்பதிலேயே ஆபத்தான தவறு. அது ஈயத்தை மண்ணிலிருந்து பிரித்துக் கரைத்துவிடும், கடுகும் கூடுதலாக எடுக்கும். ஆனால் கரைந்த எல்லாவற்றையும் செடி குடித்துவிடாது. மிச்சம் அடுத்த மழையில் கீழே இறங்கி, பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குப் போகும். மண்ணில் அசையாமல் கிடந்ததை நாமே அவிழ்த்து விட்டதாக ஆகிவிடும்.

உரத்திலும் கவனம் வேண்டும். மணிச்சத்து உரம் ஈயத்தைக் கட்டிப்போடும். ஆர்செனிக்கையோ மண்ணிலிருந்து கிளப்பிவிடும். சுண்ணாம்பு போட்டால் பயிருக்குள் காட்மியம் போவது குறையும். பயிரைக் காக்க அது நல்லது, செடியால் காட்மியத்தை எடுக்க நினைப்பவருக்குக் கெடுதல்.

வெட்டிவேரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆழமாக வேர் விட்டு, மண் அரிப்பைத் தடுத்து, பல உலோகங்களைப் பெரும்பாலும் வேரிலேயே நிறுத்திவைக்கும். மாசை இருந்த இடத்திலேயே அடக்கி வைக்க நல்ல தேர்வு. ஆனால் நாம் காசாக்குவதும் பானைத் தண்ணீரில் போடுவதும் அதே வேரைத்தான். "மண்ணும் சுத்தம், வருமானமும் ஆச்சு" என்ற பேச்சு இங்கே செல்லாது. மாசு நிலத்து வேர் சந்தைக்குப் போகவே கூடாது. கீரையும் அப்படித்தான்; காட்மியத்தை இலையில் தாராளமாகச் சேர்க்கும், பார்வைக்குப் பச்சைப்பசேல் என்று இருக்கும்.

அறுத்த செடியை என்ன செய்வது என்பதை நடுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். எருக்குழியில் போட்டால் உலோகம் வேறொருவர் வயலுக்குப் போகும். வெட்டவெளியில் எரித்தால் ஆர்செனிக்கும் காட்மியமும் புகையோடு கிளம்பும், மிச்சம் சாம்பலில் தங்கும். உலோகம் ஏறிய அறுவடை கும்மிடிப்பூண்டியில் இருப்பதைப் போன்ற அபாயக் கழிவு மையத்துக்குத்தான் போக வேண்டும். அந்தச் செலவும் திட்டத்தில் சேரும். நிலத்துக்கு வேலியும் வேண்டும். ஆடுமாடுகளுக்கு அறிவிப்புப் பலகை புரியாது. கழிவுநீர் இன்னும் வந்துகொண்டிருந்தால், அதை நிறுத்தும் வரை நடவே வேண்டாம்.

வீடுகளுக்கு நடுவே பேட்டரி உருக்கிய மனையாக இருந்தால், செடி வளரும் வரை காத்திருப்பதே தவறு. அங்கே குழந்தைகள் தினமும் கையிலும் வாயிலும் ஈயத் தூசியை வாங்கிக்கொண்டிருப்பார்கள். நிபுணர் மேற்பார்வையில் மேல்மண்ணை அகற்றுவதோ, நல்ல மண்ணைக் கனமாகப் பரப்பி மூடுவதோதான் முதல் வேலை. தூசி கிளம்பாமல் இருக்க அதன்மேல் புல் வளர்த்துக்கொள்ளலாம்.