ஹாப்ஸ் ரகங்களை ஒப்பிடுவது எப்படி: முதலில் தண்ணீரைச் சரி பண்ணுங்கள்

பெங்களூரு பக்கம் போய்வந்து ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பும் வாசனையும் தரும் கொடியின் பூ) மேல் ஆர்வம் பிடித்த ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி நண்பர்களுக்காக இது. உரிமம் இல்லாமல் வீட்டில் பியர் காய்ச்சுவது இங்கே குற்றம், அந்தப் பேச்சே வேண்டாம். ரகங்களின் வித்தியாசம் தெரிய, ஹாப்ஸை வெந்நீரில் ஊறவைத்து வடிக்கும் ஹாப்ஸ் டீ போதும். இதில் புளிக்கவைக்கும் வேலையே கிடையாது.

சாஸ் (Saaz), கேஸ்கேட், சிட்ரா என்ற மூன்று ரகங்களையும் பெல்லட்டாக (பொடித்து அழுத்திய சின்னத் துண்டுகளாக) வாங்குங்கள். பாக்கெட்டில் ஆல்ஃபா ஆசிட் (ஹாப்ஸில் கசப்புக்குக் காரணமான பொருள்) சதவீதம் போட்டிருக்கும்: சாஸ் 3 முதல் 4.5, கேஸ்கேட் 4.5 முதல் 7, சிட்ரா 11 முதல் 13 வாக்கில். கொதிக்கவைத்தால் எவ்வளவு கசப்பு இறங்கும் என்பதற்குத்தான் அந்த எண், அதை வைத்து வாசனையை முடிவு பண்ணாதீர்கள்.

இனி தண்ணீர். நம்ம பக்கம் பல ஊர்களில் போர் தண்ணீர் கடினமானது, காரத்தன்மையும் கூடுதல் (தர்மபுரியில் ஃப்ளோரைடு தொல்லை வேறு, அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டமே வந்தது). காரமான தண்ணீரில் ஹாப்ஸ் போட்டால் துவர்ப்பும் நாக்கைப் பிடிக்கிற கசப்பும் முந்திக்கொண்டு, மூன்று ரகமும் ஒன்றுபோலவே தெரியும். ஆர்ஓ தண்ணீர் எடுத்து, சிட்ரிக் ஆசிட் துகள் நாலைந்து போட்டுக் கலக்கி, பிஎச் தாளில் (புளிப்பா காரமா என்று நிறம் மாறிக் காட்டும் தாள்) 5 வாக்கில் வருகிறதா என்று பாருங்கள். எலுமிச்சம்பழம் மட்டும் பிழியாதீர்கள், அதன் வாசனை சிட்ராவை அமுக்கிவிடும்.

அப்புறம் வேலை சுலபம். ரகத்துக்கு 1 கிராம் எடுத்துத் தனித்தனி கண்ணாடி டம்ளரில் போட்டு, 75 டிகிரி சூட்டில் கால் லிட்டர் தண்ணீர் ஊற்றி மூடி, 5 நிமிடம் கழித்து வடிகட்டுங்கள். கொதிநீர் வேண்டாம், வாசனை எண்ணெய் ஆவியோடு போய்விடும். எடைக்கு 0.1 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசுதான் நான் சொல்வேன், ஸ்பூன் கணக்கு சரிப்படாது.

ஆறியதும் சாஸிலிருந்து தொடங்குங்கள்: மூலிகையும் மண்ணும் கலந்த மெல்லிய வாசனை. கேஸ்கேடில் பூவும் பம்ப்ளிமாஸ் தோலும். சிட்ரா கடைசியில்தான், அதை முதலில் குடித்தால் மற்ற இரண்டும் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். நடுவில் உப்பில்லாத பொரி கொஞ்சம் மெல்லுங்கள்.

பின்சேர்க்கை: பென்னாகரத்திலிருந்து ஒருவர், கேஸ்கேடில் வாசனையே இல்லை என்று எழுதியிருந்தார். பிரித்த பாக்கெட்டைச் சமையலறை அலமாரியில் வைத்திருந்தாராம். காற்றும் சூடும் பட்டால் ஹாப்ஸ் சீக்கிரம் கெடும். காற்றை அழுத்தி வெளியேற்றி ஃப்ரீசரில் வையுங்கள். பழைய சீஸ் வாடை வந்துவிட்டதா, அதைக் கொட்டிவிடுங்கள்.