உழைப்புச் செறிவு உற்பத்தியை இனங்காண்பது எப்படி?

ஆள் அதிகம் இருந்தாலே ‘உழைப்புச் செறிவு’ என்று எழுதிவிடுகிறார்கள். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் ஆயிரம் பேர் இருந்தாலும் அது மூலதனச் செறிவுதான், அதாவது இயந்திரம், கட்டடத்தில் போட்ட பணமே அங்கே ஓங்கியிருக்கிறது. உழைப்புச் செறிவு என்றால், இயந்திரம், கட்டடம் ஆகியவற்றோடு ஒப்பிட உழைப்பின் பங்கு ஓங்கியிருக்க வேண்டும்.

ஓராண்டு உற்பத்தி மதிப்பிலிருந்து மூலப்பொருள், மின்சாரம், வெளியே கொடுத்த வேலை ஆகிய செலவுகளைக் கழியுங்கள். மிஞ்சுவது கூட்டிய மதிப்பு. மொத்தக் கூலியை அதனால் வகுங்கள். விகிதம் கூடினால் உழைப்புச் செறிவு கூடுதல். உற்பத்தி 100 லட்சம், கழிப்பது 60 லட்சம், கூலி 28 லட்சம் என்றால் 28/40, அதாவது 70 சதவீதம். உற்பத்தி மதிப்பாலேயே வகுத்தால் 28 சதவீதம்தான் வரும். தங்க நகைப் பட்டறை போல மூலப்பொருள் விலை கூடிய இடத்தில் இந்தப் பிழை முடிவையே புரட்டிவிடும். கூலிக் கணக்கில் பீஸ் ரேட் கூலி (எண்ணிக்கைக்கேற்ற கூலி), போனஸ், நிறுவனம் கட்டும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பங்கு எதையும் விடாதீர்கள்.

நிலைச் சொத்தின் (இயந்திரம், கட்டடம் போன்றவை) மதிப்பை ஆள் எண்ணிக்கையால் வகுத்தும் பாருங்கள். தொகை குறைந்தால் செறிவு கூடுதல். நிலையான எல்லைக்கோடு கிடையாது, ஒப்பீடுதான்.

உற்பத்தியின் எந்தக் கட்டம் என்பதையும் சொல்லுங்கள். திருப்பூர் பனியன் தொழிலில் நிட்டிங் (துணி பின்னல்), சாயம் இயந்திரத்தை நம்புபவை. தையலும் செக்கிங்கும் கையை நம்புபவை. தையலை வெளியே ஜாப் ஒர்க் கொடுக்கும் நிறுவனத்தின் கணக்கில் அந்த உழைப்பு தெரியவே தெரியாது.